காரணம் இருக்கு

தாயின் மனநலம் கேட்கும் பாரத்தில் பத்துக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றே டிக். ஒரு கோடு விலகவில்லை.

வசுந்தராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலேசியாவின் கிள்ளான் ஊரில் தாய்சேய் கிளினிக்கில் இருபது வருஷமாக நர்ஸ். பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆன எவளுக்கும் மனசு இவ்வளவு துடைத்துவிட்டாற்போல் இருந்து அவள் பார்த்ததில்லை.

“யாரு இத நிரப்பினது?”

“நாந்தான் மிஸி,” என்றார் மாமியார் தங்கரத்தினம், பெருமையாக. “முப்பது வருஷம் கவர்மெண்ட்ல இருந்தவ. பாரத்துல ஒரு பிழை வர விடமாட்டேன். மருமகளுக்குக் கை ஒழியல பாருங்க.”

ஒழியவில்லைதான். இந்துஜாவின் இடது கையில் பிள்ளை, வலது கை விரல் அதன் மூக்கடியில். வந்ததிலிருந்து அந்த விரல் நகரவில்லை. அவள் தலைக்கு மேலே சுவரில் ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று பெரிய போஸ்டர். பேச விட்டால்தானே!

“ஆன்டி, இது பாஸ்போர்ட் பாரம் இல்ல. உங்க மனசயா கேட்டோம்? வெளிய உக்காருங்க.”

“பயம் கியம்னு எழுதினா ரெக்கார்டுல ஏறிடும்லா…”

“வெளிய!”

கதவைச் சாத்திவிட்டுப் புதுப் பாரத்தை எடுத்துத் தானே வாசித்தாள். “காரணமில்லாம பயம் வருதாம்மா?”

“இல்ல மிஸி.”

டிக் போடப் போன வசுந்தரா அந்த விரலைப் பார்த்தாள். “காரணத்தோட வருதா?”

“காரணம் இருக்கு மிஸி. நான் கண்ண மூடினா பாப்பாவுக்கு மூச்சு நின்னுடும். பெத்த நாள்லேர்ந்து இப்படித்தான்.” மணி கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

வசுந்தரா பழைய ஃபைலைப் புரட்டினாள். மூன்றாம் வாரம், இதே கேள்வி, ‘இல்லை’. கையெழுத்து வசுந்தராவுடையதே. காரணமில்லாமல் என்று வாய் கூசாமல் வாசித்துவிட்டு, டிக் போட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிட்டிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் மாமியார் மட்டுமில்லை. தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அந்த டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். இந்துஜாவை டாக்டர் அறைவரை கூட்டிப்போனாள். வாசலில் இந்துஜா விரலை எடுக்க மறுத்தாள்.

“ஆன்டி, இங்க வாங்க. பிள்ளையப் பிடிங்க. விரல மூக்குகிட்ட வைங்க. இவ வர்ற வரைக்கும் எடுக்கக்கூடாது.”

மாமியாரின் விரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இந்துஜா உள்ளே போனாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“கை வலிக்குது மிஸி. எடுக்கலாமா?”

“அவ ஆறு வாரமா எடுக்கல,” என்றாள் வசுந்தரா.