செவலைக் கன்று

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கோபிநாத் கடை வைத்திருக்கிறான். விமான டிக்கெட், விசா, பயணக் காப்பீடு எல்லாம் அவனே போட்டுக் கொடுத்துவிடுவான். எங்கள் கண்டரமாணிக்கத்து ஆள்தான். புரட்டாசி பிறந்து நாலாம் நாள் அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன். அறுபத்திரண்டு வயதில் முதன்முதலாக விமானம் ஏறப்போகிறேன், அதுவும் மகளுக்குப் பேறுகாலம் பார்க்க. இந்த வேலைக்காகச் சிங்கப்பூர் கிளம்பிய ஆம்பளை சிவகங்கை ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

டிக்கெட் வேலை முடிந்தது. காப்பீட்டுப் படிவத்தில் வந்து நின்றுவிட்டான்.

"இந்தக் கேள்விக்கு இல்லைன்னு போட்ருவமாய்யா?"

"மொதல்ல கேள்விய வாசிப்பா."

"வீட்ல இருக்கவுக யாருக்காச்சும் கடுமையான நோய் இருக்கான்னு கேக்குறான். நீங்க அங்குட்டு இருக்கையில இங்குட்டு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, அவசரமாத் திரும்பி வர்ற செலவக் கம்பெனி கொடுக்கும். அதுக்குத்தான்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் மடியிலிருந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவி வீரலட்சுமிக்குக் கணையத்தில் கட்டி. ஆனி மாதம் மதுரையில் பார்த்துச் சொன்னார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டது, அறுக்க முடியாது, வலிக்கு மட்டும் மருந்து, மிஞ்சிப் போனால் தை வரைக்கும் என்று டாக்டர் அவள் முன்னாலேயே சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. "எம்மகளுக்கு இது தெரியக் கூடாது. அதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அதற்கு அந்த டாக்டரிடம் மருந்து இல்லை.

மகள் சத்தியப்பிரியா அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும், விமானம் ஏறவே கூடாது என்று சிங்கப்பூரில் சொல்லிவிட்டார்கள். மாசமாக இருக்கிற பிள்ளை காதில் இந்தச் செய்தியைப் போடக் கூடாது என்பது வீரலட்சுமியின் கட்டளை. சரி, போட வேண்டாம். ஆனால் இது தலைப்பிரசவம், தாய் வீட்டில் நடக்க வேண்டியது. மகள் வர முடியாது என்றால் தாய் போக வேண்டும். மாப்பிள்ளை முத்துக்கண்ணனுக்குத் தாயும் இல்லை. "எப்பம்மா வர்ற?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆவணிப் பாதியில் ஒருநாள் அதற்குமேல் சமாளிக்க முடியாமல் வீரலட்சுமி மாட்டைப் பிடித்தாள்.

"மாடு சினையா இருக்குடி. எந்நேரமும் கண்டு போடும். அத விட்டுட்டு நான் எப்படி வர்றது? அப்பாவ அனுப்புறேன்."

எந்த மாடு? இருந்த ஒரே மாட்டை ஆடியிலேயே விற்றுவிட்டோம், பார்க்க ஆளில்லாமல். தொழுவத்தில் நாலு மூட்டை தவிடுதான் கிடந்தது. பொய் சொல்லத் தெரியாதவள் மகளிடம் சொன்ன முதல் பொய், கொம்பும் வாலுமாக அவ்வளவு பெரிதாக வந்து நின்றது.

மகளுக்கு வந்ததே கோபம். "மாட்டுக்குப் பேறுகாலம் பாப்ப, எனக்குப் பாக்க மாட்டியா?" என்று கத்தினாள். அன்றோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். போன் எனக்குத்தான் வரும். "அம்மா பக்கத்துலதான் இருக்கா, பேசுறியாத்தா?" என்றால், "அதுக்கு மாட்டப் பாக்கவே நேரம் சரியா இருக்கும், விடுங்க" என்று வைத்துவிடுவாள். வீரலட்சுமி அதைக் கேட்டபடி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். மாத்திரைக்கு வயிற்று வலி கொஞ்சம் அடங்கியது, இந்த வலி அடங்கவில்லை.

"சொல்லித் தொலைப்போம் புள்ள," என்று நான் சண்டையே போட்டேன். இப்படியே கோபத்தோடு இருக்கையில் இவள் போய்ச் சேர்ந்துவிட்டால், மகள் ஆயுசுக்கும் அதைச் சுமக்க வேண்டுமே என்று எனக்குப் பயம். அவள் கேட்கவில்லை. என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எனக்குச் சிங்கப்பூர் போகவே பிடிக்கவில்லை. எண்ணிக் கொடுத்த நாளில் ஒரு மாதத்தை அவளோடு இல்லாமல் கழிக்க யாருக்கு மனசு வரும்? "ரெண்டு பேருமே போகலைன்னா அவ மோப்பம் பிடிச்சிருவா. அக்காவக் கண்டனூர்லேர்ந்து வரச்சொல்லிட்டேன், அது என்னப் பாத்துக்கும். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் இருப்பேன்," என்றாள், வயல் வரப்பில் நிற்கிறவள் சொல்வது போல.

அதனால்தான் கோபிநாத் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

"இல்லைன்னே போட்ருவோம்யா," என்று அவன் மறுபடி ஆரம்பித்தான். "இருக்குன்னு போட்டா டாக்டர் கடிதம் கேப்பான், பணம் கூடக் கேப்பான்."

"கேக்கட்டும். உள்ளத உள்ளபடி எழுது."

படிவம் என்றால் நான் அப்படித்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பயிர்க் காப்பீடு எழுதும்போது, மேட்டு வயலின் சர்வே எண்ணைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். அந்த வருஷம் மழை பொய்த்தது. கருகினது அந்த மேட்டு வயல்தான். எழுதாத வயலுக்கு எவன் கொடுப்பான்? அதிலிருந்து எந்தக் காகிதத்திலும் ஒரு புள்ளியை மறைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். இங்கே மறைத்துவிட்டு, நாளைக்கு அவளுக்கு முடியாமல் போய், திரும்பி வர வழியில்லாமல் நான் அந்நிய ஊரில் நிற்க முடியுமா?

மஞ்சள் பையிலிருந்த டாக்டர் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கோபிநாத் அதைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தான். நோயாளி வீரலட்சுமி, உறவு மனைவி, நோயின் பெயர், நான்காம் நிலை. அடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "மெயில் ஐடி சொல்லுங்கய்யா," என்றான்.

என் போனின் பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மகள் காலேஜில் படிக்கும்போது எழுதி ஒட்டியது. மெயில் என்று எங்கே கேட்டாலும் அதைத்தான் காட்டுவேன். ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒரு எண் போல என்று நினைத்திருந்தேன். திருப்பிக் காட்டினேன், அவன் பார்த்து அடித்தான்.

மறுநாள் சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்கா?"

"இருக்கா. கொடுக்கவா?" என்றேன் ஆசையாக.

"வேணாம். நீங்க எந்திரிச்சு வெளிய வாங்க. பேசுனா வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது."

தொழுவத்துக்குப் போனேன்.

"காப்பீட்டுக் காகிதம் எனக்கு வந்திருக்குப்பா."

"ஒனக்கு எப்படித்தா வரும்?"

"அது என் மெயிலுப்பா," என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. நான் மாடு கட்டுகிற முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை என் கையாலேயே அனுப்பியிருக்கிறேன். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறதே என்று பயம். அழாதே ஆத்தா, அழாதே ஆத்தா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எப்பருந்துப்பா?"

"ஆனியிலேர்ந்து."

"அப்ப மாடு?"

"அத ஆடியிலயே வித்தாச்சுத்தா."

"இருவது நாளா நான் அம்மாகிட்ட பேசலையேப்பா," என்றாள். அந்தக் குரலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

"இப்பப் பேசுத்தா. கொண்டுபோய்க் கொடுக்குறேன். தெரிஞ்சுபோச்சுன்னே சொல்லிரு, எல்லாத்துக்கும் நல்லது."

"வேணாம்ப்பா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, எனக்கு என்ன ஆகுமோ, என் வயித்துல இருக்குறதுக்கு என்ன ஆகுமோன்னு அது தெனம் செத்துப் பொழைக்கும். அது நெனச்சபடியே இருக்கட்டும். நீங்களும் வராதீக. டிக்கெட்ட ரத்து பண்ணிட்டு அது பக்கத்துலயே இருங்க. நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன்."

அரை மணி நேரம் கழித்து மறுபடி போன் அடித்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு பேசினாள் போலிருக்கிறது. குரல் தெளிவாக இருந்தது. அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள், ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"அம்மா, அவுக அக்கா மலேசியாவுலேர்ந்து வருது. அப்பா வர வேணாம். அப்பா வைக்கிற ரசத்தக் குடிச்சா பச்ச உடம்புக்காரி நான் என்னத்துக்காகுறது?"

வீரலட்சுமி சிரித்தாள். ஆனிக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

"மாடு எப்படிம்மா இருக்கு? கண்டு போட்டுருச்சா?"

"நேத்துத்தான்டி போட்டுச்சு. கிடாரி. செவலைக் கண்டு, நெத்தியில வெள்ளச் சுட்டி."

"அப்படியா? நல்லாப் பாத்துக்கம்மா."

போனை வைத்ததும் வீரலட்சுமி என்னைப் பார்த்து, "பாத்தீகளா, எம்புட்டுக் கோவமா இருந்தா! தன்னால இறங்கி வந்துட்டா. எங்கிட்ட எத்தன நாளைக்கு அவளால பேசாம இருக்க முடியும்?" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு டிக்கெட்டை ரத்து செய்யக் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அழுகை. காரைக்குடி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

மலேசியாவிலிருந்து எந்த அக்காவும் வரவில்லை. மாப்பிள்ளைதான் லீவு போட்டுச் சமைத்துப் போட்டார். தாயும் மகளும் பொய்யில் சரிக்குச் சரி நின்றார்கள், நடுவில் நான் இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தினம் சாயங்காலம் போன் வரும். கன்று என்ன செய்கிறது என்று மகள் கேட்பாள். தாய் மடியை விட்டு நகர மாட்டேன் என்கிறது, நேற்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, ராசாத்தி என்று பேர் வைத்திருக்கிறேன் என்று படுத்தபடியே வீரலட்சுமி கதை கதையாகச் சொல்வாள். பேறுகால மருந்துக்கு என்னென்ன இடிப்பது, பிள்ளைக்கு எப்படி எண்ணெய் தேய்ப்பது என்று மகள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைசி வரைக்கும் மகள் அழவில்லை, இதையெல்லாம் இப்போதே ஏன் கேட்கிறாய் என்று தாயும் கேட்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் பேத்தி பிறந்தாள். போனில் முகத்தைக் காட்டினார்கள். வீரலட்சுமி திரையைத் தொட்டுத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் அவளுக்குப் பேச்சே பாதிதான் வந்தது. மகளோடு இரண்டு வார்த்தை பேசி முடித்ததும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அவ ஊருக்கு வர்றதுக்குள்ள ஒரு கண்டு வாங்கிக் கட்டிருங்க. செவலை. நெத்தியில சுட்டி இருக்கணும். இல்லாட்டி நான் பொய் சொன்னது தெரிஞ்சுபோகும்."

அவளுக்கு எல்லாம் தெரியும் புள்ள என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. "சரி, கட்டிருறேன்," என்றேன். நாலு நாள் கழித்து விடியற்காலையில் போய்விட்டாள். மகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போனில்தான் அம்மாவுக்கு மாலை விழுவதைப் பார்த்தாள்.

கருமாதி முடிந்த மறுவாரம் சந்தைக்குப் போனேன். செவலை கிடைத்தால் சுட்டி இல்லை, சுட்டி இருந்தால் காளைக் கன்றாக இருந்தது. மூன்று சந்தை அலைந்தேன். "நெத்தியில வெள்ள இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, பாலா மாறப்போகுது?" என்று தரகர் முத்துக்கருப்பன் கேலி செய்தார். நாலாவது சந்தைக்கும் போய்ப் பிடித்துவந்தேன்.

தை மாதம் சத்தியப்பிரியா வந்தாள். அம்மா படத்துக்கு முன்னால் அழுது ஓய்ந்து, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கிட்டே போய் அந்தச் சுட்டியை விரலால் தடவினாள். எங்கே பிடித்தீர்கள், எப்போது வாங்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அம்மா எங்கிட்ட பொய்யே சொல்லலப்பா," என்றாள்.

ஆமாத்தா என்றேன்.