புத்தகத்தில் எழுதிய வழி

"கீழ வழின்னா எழுதின?"

"மெதுவாப் பேசு, பர்கா. நான் என்ன சொல்ல வரேன்னா..."

"கீழ வழின்னா எழுதின, வின்சென்ஸ்? நாம கிடக்கிறது மேல வழியில."

"அந்தக் குடில்காரி கிரெசென்ஸ் பக்கத்துலயே நின்னுட்டிருந்தா. பேனாவையே பார்த்துட்டு..."

"நின்னா? அவ என்ன உனக்கு வாத்தியாரம்மாவா?"

"மேல வழியில பழைய பனி இன்னும் கரையல, கீழ வழியில போன்னு காலையில ரெண்டு தடவை சொல்லிட்டா. மூணாவது தடவை கேட்க எனக்குப் பொறுமை இல்ல. அவ சொன்னதையே எழுதிட்டேன். விட்டா போதும்னு."

நோட்பர்கா தலையைத் திருப்பிக் கீழே பார்த்தாள். சுற்றிலும் மேகம். ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

காலையில் கிளம்பிய, மலையேறுகிறவர்கள் தங்கும் லாஹ்னர் குடிலில், கிரெசென்ஸின் அடுப்படியை ஒட்டி, அந்தப் புத்தகம் கயிற்றில் தொங்கும். கிளம்புகிறவர்கள் பெயரையும் அன்று போகப்போகிற வழியையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஒருவர் அடுத்த குடிலுக்கு வந்து சேரவில்லையென்றால் மீட்புப் படை முதலில் கேட்பது அதில் என்ன இருக்கிறது என்றுதான். கோடைதோறும் குடில் குடிலாக நடந்தே முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தை ஓட்டியவர்கள் இருவரும். எழுதுவது எப்போதும் வின்சென்ஸ். அவள் எட்டிப் பார்த்ததே இல்லை.

மூன்று மணிக்கு, பழைய பனி படிந்த ஒரு சரிவைக் கடக்கக் காலெடுத்து வைத்தவன் வழுக்கி, ஓரத்துப் பாறையில் மோதி நின்றான். முழங்கால் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. போனில் சிக்னல் இல்லை. அவனை ஒரு பாறை இடுக்குக்கு இழுத்து வந்து, பளபளக்கும் அவசரப் போர்வையைச் சுற்றிவிட்டு, நான்கு மணி நேரமாக அவள்தான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். போய்ச் சேர வேண்டிய ஷெர்ம் குடிலில் ஆறரைக்குச் சாப்பாடு. இடம் சொல்லி வைத்த இரண்டு பேர் வரவில்லையென்றால் ஏழுக்குள் லாஹ்னருக்குப் போன் போகும். புத்தகத்தைப் பார்ப்பார்கள், நேரே இங்கே வருவார்கள். இதை அவள் நான்காவது முறை சொன்னபோதுதான் அவன் உண்மையைச் சொன்னான்.

"இந்நேரம் நம்ம சூப்பை யாரோ குடிக்கிறான்" என்றான் வின்சென்ஸ். அவள் சிரிக்கவில்லை.

ஏழரை மணிக்கு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. எங்கோ கீழே, மேகத்துக்கும் அடியில்.

தோள்பையின் வாரில் இருந்த விசிலை எடுத்து நோட்பர்கா ஊதினாள். மலையில் உதவி கேட்கும் முறைப்படி நிமிஷத்துக்கு ஆறு தரம், ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு. சத்தம் கீழ் வழியோடு போனது, திரும்பியது, மறுபடி போனது. மேலே வரவே இல்லை.

"அவனுக்கு விசில் கேட்காது. இஞ்சின் இரைச்சல்."

"தெரியும். பேசாம இரு."

பத்து நிமிஷத்தில் சத்தம் தேய்ந்து அடங்கியது.

"கீழ வழி முழுக்கப் பார்த்துட்டானுங்க" என்றாள். "இனி ஆளுங்க நடந்து வருவாங்க. அந்த வழியோர ஓடைக்குள்ள தேடுவாங்க. ராத்திரி பூரா, நாம இல்லாத இடத்துல."

"விடிஞ்சா மேகம் விலகும்."

"கால் எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. வலி இல்ல."

"மூணு மணிக்கு ஊரையே கூட்டினியே."

"இப்ப இல்ல. தூக்கம்தான் வருது."

அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். சற்று முன்வரை வெடவெடவென்று ஆடிய கை இப்போது ஆடவில்லை. குளிர் உள்ளே இறங்கிவிட்டால்தான் நடுக்கம் நிற்கும்; அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவன் தலையில், அவன் தொப்பிக்கு மேலேயே மாட்டினாள். இரண்டு ஊன்றுகோல்களையும் எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பனியைத் தாண்டினா கீழ வழிக்கு ஒத்தையடிப் பாதை இறங்குது. ஒரு மணி நேரம். தேடுறவங்க அங்கதான் இருப்பாங்க."

"வேண்டாம், பர்கா. வெயில் போயாச்சு. அது இப்ப கண்ணாடி. மதியம் இளகிக் கிடந்தப்பவே என்னைத் தூக்கிப் போட்டுச்சு."

"நீ வேடிக்கை பார்த்துட்டு நடந்த."

"விடியட்டும்டி."

"விடியும்போது நான் யார்கிட்ட பேசறது? நீ எழுதினதை நேர்ல போய்த் திருத்திட்டு வரேன். தூங்கின, தொலைச்சுடுவேன்."

இரண்டு எட்டில் மேகம் அவளை மூடிக்கொண்டது. பிறகு சத்தம் மட்டும்தான். பூட்ஸ் நுனியால் பனியில் ஒரு உதை, அதே இடத்தில் இன்னொரு உதை, அப்புறம் கோல் குத்தும் சத்தம். அப்படி ஒரு எட்டு. அந்தச் சரிவைக் கடக்க எண்பது எட்டுகளாவது வேண்டியிருக்கும் என்று வின்சென்ஸ் கணக்குப் போட்டான்.

"பேசிட்டே போ" என்று கத்தினான்.

"என்னத்தைப் பேச?"

"திட்டு."

"எதுல ஆரம்பிக்கட்டும், கிழவா?"

"கல்யாணத்துல இருந்து."

"கல்யாணத்துக்கு மலையேறுற பூட்ஸ் போட்டுட்டு வந்த. சர்ச்சுல உங்கம்மா அழுதாங்க. சந்தோஷத்துலன்னு எங்கப்பா நினைச்சாரு."

உதை, உதை, கோல். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. குரல் மெலிந்துகொண்டே போனது.

"அப்புறம்?"

"இரு. இங்க செங்குத்தா இருக்கு. மூச்சு வாங்குது."

நாற்பது. நாற்பத்தைந்து. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான். நாற்பத்தேழாவது எட்டுக்கு ஒரு உதை விழுந்தது. அடுத்த உதைக்காகக் காத்திருந்தான். பனிக்கு அடியில் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

"பர்கா, ஒரு உதைதானே விழுந்துச்சு. ஏன் நின்னுட்ட?"