பொய்க் கோர்ட்டில் ஒரு வழக்கு

நீதிபதி மரச்சுத்தியலால் மேசையைத் தட்டினார். ட்வைலாவின் காது அதில் இல்லை. கீழே சாலையில் பஸ் ஹாரன் கேட்கிறதா என்றே இருந்தது. மரம் அறுக்கும் மில் மூடியதிலிருந்து வேலையில்லாமல் இருந்த அவள் புருஷன் க்ளேட்டன், நாலு மணி பஸ்ஸில் வடக்கே புதுத் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறான். "போறதுன்னா போ, எனக்கென்ன?" என்று காலையில் அவள்தான் வாயை விட்டிருந்தாள்.

அவர்கள் ஊரான வில்லோ கிரீக்கில் தங்கம் தீர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது அந்தக் காலத்தில் தங்கம் தேடி வந்தவர்களைப் போல ஊர்க்காரர்கள் வேஷம் கட்டினால், கனடா முழுவதிலிருந்தும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறார்கள். இந்தப் பொய்க் கோர்ட்டில் ட்வைலா குமாஸ்தா. வந்தவர்களில் ஒருவர் வழக்குச் சொல்வார், மற்றவர்கள் கை தூக்கித் தீர்ப்பளிப்பார்கள், அவள் எண்ணி அறிவிக்க வேண்டும். அகலப் பாவாடையைக் கசக்கியபடி நிலைகொள்ளாமல் நின்றாள். ஓடிப்போய்த் தடுக்கலாம்தான். வறட்டு ரோஷம் விட்டால்தானே!

"யாருக்குய்யா வழக்கு இருக்கு?"

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பெட்டியும் கையுமாக க்ளேட்டன்.

"என் பொண்டாட்டி மேலதாங்க. தங்கம் தோண்டப் போறேன், கூட வான்னா வரமாட்டேங்கிறா. போகாதேன்னும் சொல்லமாட்டேங்கிறா."

கோடைக்கு மட்டும் நடிக்க வந்திருந்த நீதிபதிக்கு இவர்கள் புருஷன் பொண்டாட்டி என்று தெரியாது. அந்தக் காலத்துக்கு அச்சாகப் பொருந்தும் வழக்கு கிடைத்ததில் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"அந்தம்மா வெவரமானவங்கப்பா! சரி, இவன் தனியாவே போய்த் தொலையட்டுங்கிறவங்க கை தூக்குங்க!"

கூடமே கை தூக்கியது. ஒரு கிழவி இரண்டு கையையும் தூக்கினாள். பாழாய்ப்போன கூட்டம்!

"போக வேணாங்கிறவங்க?"

நாலைந்து கைகள்.

"குமாஸ்தாம்மா, தீர்ப்பு?"

அவள் எண்ணவேயில்லை. "போகக் கூடாது!"

"ஏம்மா, கண்ணு தெரியலையா?" என்றார் நீதிபதி. சிரிப்பலை எழுந்தது.

க்ளேட்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "இது கோர்ட்டு சொல்றதா, நீ சொல்றியா?"

"நான்தாண்டா சொல்றேன். போகாத." அவள் குரல் உடைந்துவிட்டது.

என்ன நடிப்பு என்று வியந்து கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கீழே ஹாரன் அடித்தது. க்ளேட்டன் பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"இதக் காலையிலயே சொல்லியிருந்தா, சொந்தப் பொண்டாட்டியப் பாக்க டிக்கெட் வாங்கியிருப்பேனா?"