ஏழாம் எண் காரணம்

என் மேசைக்கு வரும் படிவங்களில் பெயர் இருக்காது. மேல் துண்டைக் கிழித்துவிட்டுத்தான் கட்டி அனுப்புவார்கள். இரண்டு வருடத்தில் பத்துப் பத்துப் பேராக ஒரு நூற்பாலை வெளியே தள்ளிய இருநூற்று நாற்பது பேரின் படிவங்கள். 'ஏன் வேலை போனது?' என்பதற்கு அவர்கள் எழுதியதைப் படித்து ஓரத்தில் ஓர் எண் போடுவதுதான் என் பிழைப்பு. ஆட்குறைப்பு என்றால் ஒன்று. தன் தவறு என்றால் ஏழு.

நூற்று எண்பத்து மூன்று படிவங்களில் ஏழு போட்டேன். கை வலித்தது.

"எல்லாரும் தன்னையேதான் திட்டிக்கிறாங்க மேடம்," என்றேன், ஆய்வை நடத்தும் பேராசிரியையிடம்.

"ஒருத்தர் வழுக்கி விழுந்தா கவனமில்லேன்னு சொல்லலாம். இத்தனை பேர் ஒரே இடத்துல விழுந்தா தரையைத்தான் பார்க்கணும். சமூகவியல்னு ஒரு படிப்பு இருக்கிறதே அதுக்குத்தான்."

சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அவருக்கென்ன!

அந்த ஏழுகளில் ஒன்று என் அண்ணனுடையது. பெயரைக் கிழித்தால் கையெழுத்து மாறிவிடுமா? 'புது மெஷினைச் சீக்கிரம் கத்துக்கல. முட்டாள்' என்று எழுதியிருந்தான். பதினான்கு மாதமாக, விடிந்ததும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அந்த மெஷினின் விளக்கப் புத்தகத்தோடு உட்காருகிறவன். "பரீட்சைக்குப் போற பிள்ளை தோத்துச்சு," என்று அண்ணி கிண்டல் செய்வாள். பிறகு வேலை தேடிக் கிளம்புவான்.

அவன் தன்னையே கரித்துக்கொட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமும் அவன் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தேன்.

"உன் தப்பில்லண்ணா. நூத்தி எண்பத்து மூணு பேர் இதையேதான் எழுதியிருக்காங்க. மெஷினை நல்லாக் கத்துக்கிட்டவங்களையும் அனுப்பிட்டாங்க. சுத்துவட்டாரத்துல எல்லா மில்லுலயும் இதே கதைதான்."

அவன் முகம் தெளியும் என்று பார்த்தேன்.

"கத்துக்கிட்டவங்களையுமா?"

"ஆமாண்ணா."

புத்தகத்தை மூடினான். "என் தப்புன்னா நான் திருந்திக்கலாம்மா. ஊரோட தப்பை நான் என்ன பண்ணுவேன்?"



மறுநாள் விடிந்து வெகுநேரமாகியும் அவன் எழுந்திருக்கவில்லை. சட்டை கசங்கியபடியே கொடியில் கிடந்தது.

"பத்து மணிக்கு ஒரு கம்பெனியில வரச் சொல்லியிருந்தாங்க. போகலேங்கிறார்," என்றாள் அண்ணி. "அப்படி என்னதான் சொன்னே அவர்கிட்ட?"

உண்மையைத்தான் சொன்னேன். அதை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.