ஜீனா சிஸ்டரின் பத்துக் கேள்விகள்

வெள்ளறடைப் பக்கத்தில் யாரிடம் ‘சுகம்தானே?’ என்று கேட்டாலும் ‘சுகம்’ என்றுதான் பதில் வரும். காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடப்பவனும் அதைத்தான் சொல்வான். அஜிதாவும் அந்த ஊர்க்காரிதானே. நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, சோறு வடிக்க எழுந்தாலே மூச்சு வாங்கியது. ஆனாலும் போன தடவை திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜீனா கேட்ட பத்துக் கேள்விக்கும் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு வந்தாள். பூஜ்யம் என்றால் தொந்தரவே இல்லை, ஐந்து என்றால் தாங்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருந்தது, அதன் காதில் விழக் கூடாதாம். கௌரவத்துக்குக் கூலியும் கிடைத்தது. டாக்டர் பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் கடிந்துகொண்டார். புதிய மருந்து எல்லாருக்கும் கிடைக்காது. நடக்கவைத்துப் பார்ப்பதோடு இந்தப் பத்துக் கேள்வியின் மார்க்கையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். இனியும் மறைத்தால் உயிருக்கே ஆபத்து என்றார்.

ஆகவே இன்று அஜிதா வெட்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பாறசாலையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் கணவன் ஸ்ரீஹரி, கடையை அடைத்துவிட்டுத் துணைக்கு வந்து, அருகில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூச்சுமுட்டு எத்தற சேச்சி?” ஜீனா கேட்டாள்.

“அஞ்சு.”

“ஆளுகளோட பேசும்போ இடையில நிறுத்துவீங்களா?”

“நிறுத்துவேன். அதுவும் அஞ்சாக்கும்.”

“மத்தவங்களுக்குப் பாரமா இருக்கேன்னு தோணுதா?”

அஜிதாவுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. “அது மட்டும் பூஜ்யம் போடு மக்கா. இவங்க ஒருநாளும் மொகம் சுளிச்சதில்ல. குளிக்க வெந்நி வச்சுத் தாறதும் இவங்கதான்.”

“அதுக்கு அஞ்சு போடுங்க சிஸ்டர்,” என்றான் ஸ்ரீஹரி. போனிலிருந்து தலையெடுக்கவில்லை.

ஜீனா திகைத்தாள். “இது நோயாளி சொல்லணும் சேட்டா.”

“அவளுக்கு என்ன தெரியும்? சுமக்குறது நானாக்கும்.”

அஜிதா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சொல்வதற்கு மூச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அஞ்சே போடு,” என்றாள்.

மருந்து கிடைத்தது. நெய்யாற்றின்கரை தாண்டும்போது பஸ்ஸில் அவள் மெதுவாகக் கேட்டாள். “மருந்து கிட்டட்டும்னுதானே அப்பிடிச் சொன்னீங்க?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், படுபாவி. காசா பணமா?

“உள்ளதைச் சொன்னேன். நீ பேசாத, மூச்சு வாங்கும்,” என்று அவள் முகத்தில் காற்று அடிக்காதபடி ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டான்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. அஜிதா தானே சமைத்தாள், தானே வெந்நீர் வைத்துக்கொண்டாள், ரப்பர்த் தோட்டத்து ஏற்றத்தில் நிற்காமல் ஏறினாள். ஊரில் கேட்டவர்களிடம் ‘சுகம்’ என்றாள், அது பொய்யும் இல்லை.

மறுமுறை ஜீனா கேட்டபோது எல்லாவற்றுக்கும் பூஜ்யமும் ஒன்றுமாக விழுந்தன. அந்தக் கேள்வியை மட்டும் அவள் முடிக்க விடவில்லை.

“அஞ்சு.”

“இப்போ எல்லாம் சேச்சிதானே செய்யுறீங்க?”

“அஞ்சுன்னு போடு.”

டாக்டர் தாளைப் புரட்டினார். மற்றதெல்லாம் இறங்கிவிட்டது, இது ஒன்று மட்டும் அசையவில்லையே என்று யோசித்தார். பிறகு மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதினார்.