ஜேசுராஜ் சொன்ன சாட்சி

சென்னீர்குப்பத்தில் பஸ் நின்றபோதுதான் ஜேசுராஜ் அந்த போர்டைப் பார்த்தான். ஆதரவற்ற சிறுவர் விடுதித் திறப்பு விழா. அதில் கழுத்து நிறைய மாலையோடு சிரித்த முகம், சின்ன வயதில் அவன் வளர்ந்த விடுதியின் வார்டனுடையது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிற ஜேசுராஜ் அன்று வேலைக்குப் போகவில்லை.

மறுவாரம் பூந்தமல்லியில் வக்கீல் ஜரினாவின் அறையில் உட்கார்ந்து, கூட்டாளி ஒருத்தனுக்கு நடந்தது என்று ஆரம்பித்தான். வார்டன் தன் அறைக்குக் கூப்பிட்டது, கதவைச் சாத்தியது. அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.

"இத்தினி வருசம் கழிச்சு கேஸ் போட முடியுமா மேடம்?"

"போடலாம். ஆனா உங்க கூட்டாளி வந்து அவர் வாயால சொல்லணும்."

"வரமாட்டான் மேடம். கல்யாணம் ஆனவன். ஊட்ல தெரிஞ்சா இன்னா நினைப்பாங்க?"

ஜரினா அவசரப்படுத்தவில்லை. ஜேசுராஜ் தரையைப் பார்த்தபடி, "நாந்தான் மேடம்" என்றான்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு சிரித்தார். "ஆம்பளைக்கு இன்னாய்யா மானம் போவுது?" புகாரை எழுதி முடிக்கும்வரை ஜரினா அந்த மேஜையை விட்டு நகரவில்லை.

சாட்சி சொல்லும் நாளில் மனைவி செலினும் கூட வந்தாள். விடுதி சம்பந்தமான கேஸ் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தான். ஜரினா கேட்டுக்கொண்டபடி நீதிபதி மற்றவர்களை வெளியே அனுப்ப, செலின் வராந்தாவில் காத்திருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "இவ்வளவு கொடுமை நடந்துச்சுன்றீங்க. மறுநாளே வார்டன்கிட்ட பன்னு வாங்கித் தின்னீங்களா இல்லையா?"

ஜேசுராஜ் சொன்னான்: "தின்னேன்."

"நீங்களே போய்க் கேட்டீங்க?"

"கேட்டேன். பசிச்சிது சார்."

வெளியே வந்ததும், செலின் காதில் விழாத தூரத்துக்கு அழைத்துப்போய், இதை ஏன் மறைத்தீர்கள் என்று ஜரினா கேட்டாள்.

"மத்ததெல்லாம் அவன் செஞ்சது மேடம். இது நான் செஞ்சது. எப்டி சொல்வேன்?"

"எட்டு வயசுப் பிள்ளை பசிக்குக் கேட்டுத் தின்னது குத்தமா? அதைத்தான் நானும் அரசு வக்கீலும் ஜட்ஜ்கிட்ட சொல்லப் போறோம்."

சொன்னார்கள். வார்டனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. புது விடுதிக்குப் பூட்டு விழுந்தது.

ஆனால் சாட்சி சொன்ன அன்று ஜேசுராஜுக்கு அதெல்லாம் தெரியாது. வீடு திரும்பும் பஸ்ஸில், அயனம்பாக்கம் ஏரி தெரிந்தபோது செலின் கேட்டாள், உள்ளே என்ன கேட்டார்கள் என்று. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான், பன்னு தின்றது வரைக்கும். அவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவாள் என்றே நினைத்தான்.

செலின் எழுந்திருக்கவில்லை. பிறகு, "ஏங்க, அங்க உங்களுக்கு வயித்துக்குச் சோறு போடலியா?" என்றாள்.

"போட்டாங்க. பத்தல" என்றான். அவள் முகத்தை இன்னும் அவனால் பார்க்க முடியவில்லை.