சின்னவள் வாங்கிய வீடு

சின்னவள் வீடு வாங்கிவிட்ட செய்தி வந்தபோது பெரியவள் அச்சகத்தில் ஒரு பாடநூலுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பத்திரம் முடிஞ்சிடுச்சு! உன் தெருவிலதான், அந்த மூணு மாடிக் கட்டடத்துல ரெண்டாவது மாடி. குடியிருக்க இல்லக்கா, வாடகைக்கு விடறதுக்கு."

"ரொம்ப சந்தோஷம்டி" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் போனை வைத்தாள். அன்று அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பக்கத்தில் மூன்று பிழைகள் இருந்ததை மறுநாள் மேலாளர் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டினார். பதினெட்டு வருட வேலையில் அப்படி நடந்ததே இல்லை.

வாடகைக்கு விட ஒரு வீடு வாங்குவது பெரியவளின் ஆசை. ஒன்பது வருடமாக விளம்பரம் பார்த்து, கணவரை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்திருந்தாள். ஒரு வீட்டில் மாடிப்படி குறுகல், இன்னொன்றில் வெயில், வேறொன்றில் பத்திரத்தில் ஏதோ இடித்தது. மருந்துக்கடை வைத்திருந்த கணவர் கடைசியில், "நமக்கு ஏத்த வீட்டை இனிமேதான் யாராவது கண்டுபிடிக்கணும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பள்ளிப் படிப்பில் தட்டுத்தடுமாறி அழகு நிலையம் தொடங்கிய சின்னவளோ, மூன்று வீடு பார்த்தாள், மூன்றாவதை வாங்கினாள்.

"நீதானேக்கா சொன்ன, வர்ற வாடகை கடன் தவணையில பாதியையாவது தாங்கணும், பஸ் நிறுத்தம் பக்கத்துல இருக்கணும்னு. அதை வெச்சுத்தான் தேடினேன்" என்று சாவியைக் கொடுக்க வந்தபோது சொன்னாள். "நான் கடையை விட்டு வர முடியாது. வீடு பார்க்க வர்றவங்களுக்கு நீயே காட்டிடு."

தன் யோசனையில் இன்னொருத்திக்கு வீடு. பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டாள்.

முதலில் ஓர் ஆசிரியரும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாளுக்குச் சமையலறை பிடித்துப்போனது. அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் பெரியவள். "காலையில குழாயில தண்ணி நூல் மாதிரிதான் வரும்."

உண்மைதான். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கியபோது பெரியவளுக்கு மனசு லேசாக இருந்தது.

"தண்ணி பத்தலையாம்டி" என்று தங்கையிடம் சொன்னாள். இரண்டே நாளில் சின்னவள் ஆள் வைத்துக் குழாயை மாற்றிவிட்டாள்.

அடுத்து வந்தவரிடம் படுக்கையறைச் சுவரின் ஈரத்தைக் காட்டினாள். அதற்கடுத்து கைக்குழந்தையோடு வந்த பெண்ணிடம் பால்கனிக் கம்பி தாழ்வாக இருப்பதைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் சின்னவள், "நல்லவேளை நீ பார்த்தே" என்று சொல்லி அந்தக் குறையைச் சரிசெய்தாள். ஈரம் நின்றது. சுவருக்கு இளம்பச்சை வந்தது. கம்பி உயர்ந்தது. பெரியவள் தனியே பால்கனியில் நின்று, நான் வாங்கியிருந்தாலும் இதே பச்சையைத்தான் அடித்திருப்பேன் என்று நினைத்தாள்.

நான்காவதாக ஒரு பஸ் கண்டக்டரும் தையல் வேலை செய்யும் அவர் மனைவியும் வந்தார்கள். பெரியவள் மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். குறை என்று ஒன்றும் அகப்படவில்லை. கண்டக்டரோ முன்பணத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"எதிர்வீட்டுல எப்பவும் சண்டை" என்றாள் அவசரமாக. "புருஷனும் பொண்டாட்டியும் கத்துற கத்துல காது கிழிஞ்சிடும்."

வாசல் கதவு திறந்தே இருந்தது. தம் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பல் மருத்துவர் திரும்பினார். "எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. நான் யார்கூடச் சண்டை போடறது?"

கண்டக்டரின் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலையே சின்னவள் வந்தாள். விரல்களில் தலைச்சாயம் இன்னும் கழுவப்படாமல் இருந்தது.

"டாக்டர் போன் பண்ணார். ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

பெரியவள் ஏதோ சமாளிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "எனக்குத் தாங்கலடி. ஒன்பது வருஷமா நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ ஒரே மாசத்துல வாங்கிட்ட."

"எங்க அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் பெருமையடிச்சேன்." சின்னவளுக்குக் குரல் உடைந்தது. "பொறாமைப்பட்டதுகூடப் பெரிசில்ல. உன் மார்க்கைப் பார்த்துப் பார்த்து நான் எவ்வளவு வெந்திருப்பேன்! ஆனா ஒரு நாளும் உன் புத்தகத்தைக் கிழிச்சதில்லையே. சாவியைக் குடு."

கொடுத்தாள்.

அடுத்த வாரம் கண்டக்டர் குடும்பம் குடிவந்தது. தையல் மிஷின் மாடியேறுவதைப் பெரியவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்போதும் எரிந்தது. தங்கையின் குரலைக் கேட்காத நாட்கள் அதைவிடக் கஷ்டமாக இருந்தன.

இரண்டு மாதம் கழித்து அழகு நிலையத்துக்குப் போய், மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் சின்னவள் துணியைப் போர்த்தினாள்.

"எவ்வளவு வெட்டணும்?" வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே குரல்.

"உன் இஷ்டம்." பிறகு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "தப்பு பண்ணிட்டேன்டி. மன்னிச்சிடு."

"தலையை ஆட்டாதே" என்றாள் சின்னவள். பின்னந்தலை முடியைச் சீவிப் பிடித்து வெட்டத் தொடங்கினாள். பிறகு, "மாமா எப்படி இருக்கார்?" என்றாள்.

"நல்லா இருக்கார். நாங்களும் ஒரு வீடு முடிச்சிட்டோம். வாடகைக்கு விடத்தான்."

"நிஜமாவா? என்ன குறை அதுல?"

"நிறைய இருக்கு. பரவாயில்லைன்னு முன்பணம் குடுத்துட்டோம்."

"எத்தனை ரூம்?"

"ரெண்டு படுக்கையறை. கார் நிறுத்தவும் இடம் இருக்கு."

கத்தரி நின்றது. கண்ணாடியில் தங்கையின் முகத்தில் ஒரு நொடி வந்துபோனது என்னவென்று பெரியவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நல்லதுக்கா" என்றாள் சின்னவள். காதோரம் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டாள். பெரியவள் வாயைத் திறக்கவில்லை.